நான்காவது முத்தம்

கட்டிலைச் சுவரிலிருந்து அறை நடுவுக்கு இழுத்தபோது அதில் படுத்திருந்த மனைவி லவ்டே முனகினாள். டென்சில் நிறுத்திவிட்டார்.

"இழு, டென்சில். அவங்க சுத்தி வர எடம் வேணும்."

கட்டில் இருந்த இடத்தில் தூசியும் பழுப்புக் கறை படிந்த ஒரு பஞ்சுத் துணுக்கும் கிடந்தன. காலால் ஒதுக்கப் போனவர், செருப்பில் ஒட்டிவிடும் என்று அப்படியே விட்டார்.

நியூலின் துறைமுகச் சந்தையில் மீனுக்குக் குடலெடுத்தே வயதானவர் அவர். அந்த நாற்றத்தின் நடுவில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர். ஆனால் இந்த நாற்றத்திடம் தோற்றுப்போனார். வசந்தம் தொடங்கியபோது லவ்டேயின் இடது மார்பில் இருந்த புற்றுக்கட்டி வெடித்துத் திறந்துகொண்டது. அன்றிலிருந்து அவர் கீழே சோபாவில்தான் படுக்கிறார். முதுகு வலி என்று சொல்லியிருந்தார். அவள் நம்பியவளைப் போலவே நடந்துகொண்டாள்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம்.

"வந்துட்டாங்க உன் சூனியக்காரங்க."

"நானுந்தான் சூனியக்காரி."

"நீ வேற மாதிரி."

காலையில் கட்டு மாற்ற வந்த நர்ஸ், இன்றைய பொழுது தாண்டாது என்று படிக்கட்டில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். லவ்டே கேட்டது ஒன்றுதான். பழைய தேவியைக் கும்பிடும் அவர்கள் வட்டத்தில் ஒருத்தி சாகும்போது மற்றவர்கள் அவள் உடம்புக்கு ஐந்து முத்தம் கொடுத்து விடைகொடுப்பார்கள். பாதம், முழங்கால், அடிவயிறு, மார்பு, உதடு. ஒன்று குறைந்தாலும் அது விடைகொடுத்ததாகாது. டென்சில் சரியென்றார். ஒரே நிபந்தனை போட்டார்.

"துணியோடதான். என் வீட்ல ஒருத்தனும் அவுக்கக் கூடாது."

முதலில் ரூபர்ட் வந்தான். லண்டன் பக்கம் வீடு விற்றுக்கொண்டிருந்தவன், இங்கே வந்து தலைமுடி வளர்த்துப் பூசாரியாகிவிட்டான். பின்னால் பிரையனி, பள்ளிக்கூட டீச்சர். பௌர்ணமிதோறும் ஆதிகாலத்து நெடுங்கற்கள் நிற்கும் மேட்டில் இவர்கள் நிர்வாணமாகக் கூடுவார்கள். ஒருமுறை லவ்டே மறந்துவிட்டுப் போன கோட்டைக் கொடுக்க டென்சில் அங்கே போனார். ரூபர்ட் அவள் முன்னால் மண்டியிட்டு மார்பில் உதடு பதித்திருந்தான். அவன் பின்புறம் நிலவில் வெந்த மீனைப் போல வெளுத்துத் தெரிந்தது. அவர் கோட்டோடு திரும்பிவிட்டார்.

"அவன் முத்தம் குடுத்தது எனக்கில்ல. எனக்குள்ள இருக்கற தேவிக்கு" என்றாள் லவ்டே, மறுநாள் அவர் கேட்டபோது.

"தேவி உன் மாருலதான் இருக்காளா?"

கட்டி வந்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க வட்டமாக நின்று, கரைந்து போ என்று அதற்குப் பாட்டுப் பாடினார்கள். வசந்தத்தில்தான் டாக்டரிடம் போனாள். அந்தக் குளிர்காலத்தில் டென்சிலும் வாயைத் திறக்கவில்லை.

ரூபர்ட் கட்டிலைச் சுற்றி உப்பால் கோடு போட்டான். பிரையனி சாம்பிராணியை ஊதினாள். நாற்றம் போகவில்லை, தித்திப்பேறியது. அவள் லாவண்டர் தைலத்தில் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். அழுகுவதும் மண்ணாவதும் தேவியின் வேலைதான் என்று எல்லா விருந்திலும் பேசுகிறவள்.

டென்சில் அறை வாசலில் நின்றார்.

ரூபர்ட் பாதத்துக்கு ஒன்று கொடுத்தான். முழங்காலுக்கு ஒன்று. போர்வைக்கு மேலேயே வயிற்றுக்கு ஒன்று. லவ்டே தானே சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தாள். காலையில் போட்ட கட்டு அதற்குள் நனைந்திருந்தது. ஓர் ஈ அதன் விளிம்பில் நடந்தது.

ரூபர்ட் குனிந்தான். பாதியிலேயே நின்றான். நிமிர்ந்து, தன் விரல் நுனியை முத்தமிட்டு அவள் பக்கம் ஊதினான்.

"மனசால குடுத்தாலும் தேவி ஏத்துப்பா" என்று சொல்லிவிட்டு உதட்டுக்கு நகர்ந்தான்.

லவ்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு இன்னும் எண்ணத் தெரியும், ரூபர்ட்."

டென்சில் உள்ளே வந்தார்.

"உப்புக் கோட்டைத் தாண்டாதீங்க!" என்றாள் பிரையனி.

உப்பு அவர் செருப்படியில் நெரிந்தது. ரூபர்ட்டின் காலரைப் பிடித்தார்.

"குடுடா."

"டென்சில், கொஞ்சம்…"

"நிலா வெளிச்சத்துல யாரைக் கேட்டுக் குடுத்தே? இப்ப நானே சொல்றேன். குடு."

"நீங்க குடுக்கலாமே. நீங்கதானே புருஷன்."

டென்சில் கட்டைப் பார்த்தார். ஈயைப் பார்த்தார். குனியவில்லை. லவ்டே ரூபர்ட்டைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனே குடுக்கட்டும்" என்றாள் கடைசியில். "அது அவன் வேலை."

ரூபர்ட் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். ஈரத்தில் உதடு படும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பிறகு அவள் உதட்டில் அவசரமாக ஒரு முத்தம் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினான். பிரையனியும் பின்னாலேயே போனாள்.

"ஓடிட்டானா?" என்றாள் லவ்டே.

"ஓடிட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலானது. இருமல் நின்றபோது மூச்சும் நின்றிருந்தது. டென்சில் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். கட்டின் மேல் விரல் படாமல் போட்டார்.

கீழே, கீரைப் பாத்தியில் ரூபர்ட் முழங்காலிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மோவாயிலிருந்து மஞ்சளாக ஓர் இழை தொங்கியது. பிரையனி காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். டென்சில் ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் நீட்டினார்.

"போயிட்டா."

ரூபர்ட் தலையாட்டினான். வாய் கொப்பளித்துத் துப்பினான். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, பார்க்காமலே தம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. விளிம்பில், அவள் மார்பைத் தொட்ட அவன் உதட்டின் தடம். டென்சில் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்திலேயே வாய் வைத்து, மிச்சத்தை நிதானமாகக் குடித்து முடித்தார்.