கொத்மலைப் பக்கம் போன பிளேன்

“அடுத்தது எந்தப் பக்கம், காளி?”

“சோத்தாங்கைப் பக்கம்,” என்றாள் காளியாயி, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொம்மை விமானம் திரும்பவில்லை. நேரே போய்க்கொண்டிருந்தது. சொன்னது காதில் விழவில்லையோ என்று அவள் திரும்பிப் பார்த்தபோது, கணவர் பொன்னையா புல்லில் மண்டியிட்டிருந்தார். எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவர் போல ஒரு கணம் தரையைப் பார்த்தார். பிறகு மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தார். விமானத்தைத் திருப்புகிற பொத்தான் கையிலிருந்து நழுவிப் புல்லில் கிடந்தது.

அவள் ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “ஏங்க, இங்க பாருங்க. என்னப் பாருங்க.”

அவர் கண்ணைத் திறந்தார். ஆனால் பார்த்தது அவளை அல்ல, அவள் தலைக்கு மேலே வானத்தை. அந்த நேரத்திலும் மனிதருக்கு அதே நினைப்புத்தான். பிறகு மூச்சு ஒரு தடவை பெரிதாக வந்தது, அவ்வளவுதான்.

பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது அழுத்தினால் விமானம் வலப்பக்கம் திரும்பும் என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் அவளுக்கு இருந்தது இரண்டே கை. இரண்டும் அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தன. விமானம் சவுக்கு மரங்களைத் தாண்டி, ஆற்றுக்கு மேலே, கொத்மலைப் பக்கம், பனிமூட்டத்துக்குள் போய்விட்டது.

விமானத்தை ஓட்டுகிற பெட்டி கோணல் பிடித்தது. பெட்டியைத் தரையில் வைத்து, அதன் நீளக் கம்பியை நிமிர்த்திவிட்டு, வயர் நுனியில் இருக்கும் ஒரே பொத்தானைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் விமானம் இடப்பக்கம் திரும்பும். மறுபடி அழுத்தினால் வலப்பக்கம். கையை எடுத்தால் நேராகப் போகும். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பது மறந்துபோனால் தொலைந்தது. பொன்னையா மறந்துவிடுவார். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் அவர் ஓட்டுகிற பெரிய இஞ்சின் சற்றே இருமினாலும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிற மனிதர், விமானம் மேலே ஏறியதும் தேர் பார்க்க வந்த பிள்ளையாகிவிடுவார். அதனால் கணக்கு வைக்கிற வேலை காளியாயிக்கு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மைதானத்தில் நின்று “பீச்சாங்கை… சோத்தாங்கை…” என்று கத்துவது லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும். கேட்டவர்களுக்குச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

விமானம் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரையுடையது. அவன் அதை மரத்தில் மோதவிட்டுச் சிறகை நொறுக்கினான். சீமைக்குத் திரும்புகிறபோது, குப்பையில் போடச் சொல்லிப் பெட்டியோடு பொன்னையாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். பொன்னையாவா போடுவார்? மூங்கிலைச் சிம்பு சிம்பாக வகிர்ந்து, பூண்டுலோயாக் கடையில் கலர்த் தாள் வாங்கி, கஞ்சிப் பசை காய்ச்சி, புதுச் சிறகே செய்துவிட்டார். விமானத்தின் சின்ன பேட்டரிக்கு ஸ்டோரில் கரண்ட் ஏற்றிக்கொண்டு வருவார்.

ஏற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை. இறக்குவதில்தான் எல்லாம் இருந்தது. மோட்டார் கொஞ்ச நேரம்தான் ஓடும். அது நின்ற பிறகு, சும்மா மிதந்து வருகிற விமானத்தைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். பொன்னையாவின் விமானம் கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்து குச்சிகளில் கிழிந்தது. டோபியின் வெள்ளாவிக்குள் விழுந்தது. ஒரு தடவை மாரியம்மன் கோயில் கூரைத் தகரத்தில் விழுந்து பூசாரியை எழுப்பியது. சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். அவருக்குச் சாணும் முழமும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

“கூரை ஏறிக் கோழி புடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்,” என்பார் அவருடைய அண்ணன் மூக்கன், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு. கூட்டத்தோடு பொன்னையாவும் சேர்ந்து சிரிப்பார். மறுநாள் சாயங்காலம் பார்த்தால், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மூங்கில் வகிர்ந்துகொண்டிருப்பார். உடைந்த பொருளின் மேல் அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அவரைக் காளியாயிக்குக் கட்டிவைத்தது பெரியவர்கள். அவரை அவள் ஆசையோடு பார்க்க ஆரம்பித்தது, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, அந்த உடைந்த சிறகுகளுக்கு முன்னால்தான்.

கொஞ்ச நாளாக அவர் வேறு யோசனையில் இருந்தார். “கை வைக்க வைக்கத்தான் கெடுது புள்ள. கைய எடுத்தாலும் அதுவா எறங்குற மாதிரி செஞ்சிரணும்.” தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளைக் கிழித்துக் கிழித்து விமானத்தின் மூக்கில் வைப்பார். மோட்டார் இல்லாமல் படிக்கட்டிலிருந்து எறிவார். கீழே நின்று அவள் பிடிப்பாள். மூக்கு கனத்தால் குத்துகிறது, லேசானால் திணறுகிறது. கடுகளவு எடுப்பார், கடுகளவு வைப்பார்.

“ஒரே ஒரு தடவ ஒடையாம எறங்கிட்டா போதும் காளி. அதுக்கப்புறம் இதத் தொட மாட்டேன்.”

“பொய்யி,” என்றாள் அவள்.

இப்போது அவர் தங்கள் காம்பிரா வீட்டுக்கு முன்னால் பெஞ்சில் கிடந்தார். பாடைக்குத் துரை ஸ்டோரிலிருந்து பலகை அனுப்பியிருந்தார். தப்படிக்கிறவர்கள் நெருப்பு மூட்டித் தப்புத் தோலைக் காய்ச்சினார்கள். மகள் பூரணி மஸ்கெலியாவிலிருந்து அட்டன் வந்து, பஸ் மாறி வந்து சேரும் வரைக்கும் எடுக்கக் கூடாது என்று மறுநாளுக்குத் தள்ளிவைத்திருந்தார்கள்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு காளியாயி கேட்டது ஒன்றுதான். “ஆத்துப் பக்கமா வந்தீங்களா? பிளேனு கண்ணுல பட்டுச்சா?”

மூக்கனின் பெண்சாதி அம்மாக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. “புருசனக் கெடத்தி வச்சிருக்கு, இவ பொம்மையத் தேடுறா. சனம் என்னா பேசும்?”

“அது எங்கயாச்சும் தூள்தூளாக் கெடக்கும்,” என்றார் மூக்கன். “என்னைக்கு அது முழுசா எறங்கியிருக்கு? விடு காளி.”

அவளால் விட முடியவில்லை. தூளாகிக் கிடந்தால், ஊர் சிரித்தது சரியாகிவிடும். ஈயத்தாளும் மூங்கிலும் கஞ்சிப் பசையுமாக அவர் இழைத்ததெல்லாம் வீண் என்றாகிவிடும். அவருடைய கை படாமல் அது போயிருக்கிறது. அவர் ஆசைப்பட்டபடியே போயிருக்கிறது. இறங்கியதா, விழுந்ததா? இதை யாரிடம் சொல்லி விளங்கவைப்பது?

பூரணி வந்து அப்பாவின் மேல் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். “அழுதுரும்மா. நெஞ்சடச்சிப் போகும்.”

“அழுவேன்டி. மொதல்ல அது தெரியணும்.”

நீர்மாலை எடுத்தார்கள். குளிப்பாட்டினார்கள். கோடி போட்டார்கள். பெண்கள் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். காளியாயி அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தாள். ஆனால் கண் மட்டும் கீழே ஆற்றுக்குப் போகிற குறுக்குப் பாதையிலேயே இருந்தது. பாடையைத் தோளுக்குத் தூக்கினார்கள். தப்பு வேகம் பிடித்தது.

அந்தப் பாதையில்தான் ஒருவர் ஏறி வந்தார். இடுப்பில் வெள்ளைச் சாரமும் கக்கத்தில் குடையுமாக, தலையில் துண்டு கட்டிய சிங்களப் பெரியவர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். இரண்டு கையிலும் விமானத்தை ஏந்திக்கொண்டு வந்தவர், துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடியையும் பாடையையும் பார்த்ததும் தயங்கி ஒதுங்கி நின்றார்.

“அப்பறம் வாங்க ஐயா,” என்று மூக்கன் கையைக் காட்டினார்.

“நில்லுங்க!” காளியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். “தூக்குனவங்க அப்புடியே நில்லுங்க.”

அவள் விமானத்தைத் தொட்டாள். இடச்சிறகு, வலச்சிறகு, வால். கலர்த் தாளில் ஒரு கீறல் இல்லை. வயிற்றில் மட்டும் வயல் சேறு அப்பியிருந்தது. மூக்கிலிருந்த விசிறியைப் பார்த்தாள். எப்போது விழுந்தாலும் முதலில் உடைகிறது அதுதான். மூக்கன் பின்னாலேயே வந்து, ஒற்றை விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். “இதுகூட ஒடையல,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“எங்க வுழுந்துச்சு?” என்று காளியாயி பெரியவரைக் கேட்டாள்.

“விழல்ல அக்கா,” என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில். “நம்ம வயல்ல வந்தது. நான் பாத்தது. ஹெமின்… ஹெமின்…” அந்தச் சிங்களச் சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல், உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றில் மெதுவாக இறக்கிக் காட்டினார். கை ஆடவில்லை, சாயவில்லை. “யாரு ஓட்டுனது?”

காளியாயி பாடையைக் காட்டினாள். “அவருதான்.”

பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். காளியாயிக்கு நெஞ்சு முட்டப் பெருமையாக இருந்தது. இந்தத் தோட்டத்தில் இப்படி ஒரு மனிதர் யாருக்கு வாய்த்தார் என்றிருந்தது. இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் தன்னிடம் எந்தப் பக்கம் என்று கேட்கப் போவதில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண் தானாக வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“இன்னொருக்கா காட்டுங்க,” என்றாள்.

பாடையைச் சுமந்தவர்கள் தோள் மாற்றாமல் நின்றார்கள். தப்பும் நின்றுவிட்டது. பெரியவர் விமானத்தை மூக்கன் கையில் கொடுத்துவிட்டு, குடையைத் தரையில் வைத்தார். வலக்கையைத் தலைக்கு மேலே நீட்டி, முன்னைவிட மெதுவாகக் கீழே கொண்டுவந்தார்.