விரல் தெரிய வேண்டும்

கம்ப்யூட்டர் திரையில் நாகஜோதியின் விரல்கள் பிசைந்த மாவாகக் குழைந்து கிடந்தன. பார்த்துவிட்டு அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“வெரலே தெரியலண்ணே,” என்றாள் கூட வந்த தோழி விஜயராணி. “இவளுக்கும் அவருக்கும் பேச்சே கைதான?”

“முன்னூறு கே.பி.க்கு மேல எம்.எம்.எஸ். போகாதுங்க. சுருக்கித்தானுங்க ஆகோணும்,” என்றான் ஜாஹித்.

பெருமாநல்லூர் சாலையில் செல்போன் கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ வீடியோக்களைச் சுருக்கியவன். பிறந்த குழந்தையையும் தாலிகட்டையும் பிழிந்து பிழிந்து துபாய்க்கு அனுப்பியிருக்கிறான். முகம் மங்கினாலும் யாரும் குறை சொன்னதில்லை. இந்தப் பெண்ணிடம் அந்தப் பருப்பு வேகவில்லை.

நாகஜோதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அங்கே தையலில் இருந்த சகாயராஜும் அப்படித்தான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனா என்று குதித்த அவள் அண்ணன் ஜெயபாண்டி, அவள் போனைப் பிடுங்கி ‘என்னை மறந்துவிடு’ என்று எஸ்.எம்.எஸ். தட்டிவிட்டான். மனசொடிந்து தூத்துக்குடிக்குப் போனவனுக்கு நாளைக் காலையில் வேறொரு பெண்ணோடு நிச்சயம். இனி எழுத்தில் என்ன அனுப்பினாலும் அவன் நம்பமாட்டான். அவள் கையைத்தான் நம்புவான். அந்தக் கையைத்தான் ஜாஹித் மாவாக்கி வைத்திருந்தான்.

அவனுக்கும் வீம்பு வந்துவிட்டது. படத்தைச் சின்னதாக்கினான், கலரை எடுத்தான், நொடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தான். விரல் பிரிந்தது, ஆனால் அசைவு தவளையாகத் தாவியது. நாகஜோதி திரையின் அடியில் துள்ளிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டைத் தொட்டு, என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். விஜயராணி காதைத் தொட்டுக் காட்டினாள்.

சத்தம். வாசலில் போன பஸ்ஸின் ஹாரன். காது கேட்காத இரண்டு பேருக்கு நடுவே ஹாரனைக் கட்டிச் சுமந்தோமே என்று ஜாஹித்துக்கு வெட்கமாகப் போயிற்று. தலையில் அடித்துக்கொண்டு சத்தத்தை மொத்தமாக வெட்டி எறிந்தான்.

“இன்னுங் கொஞ்சம் கொறையோணுங்க. பேசறதச் சுருக்கச் சொல்லுங்க.”

முதல் வீடியோவில் அவள் அண்ணனைத் திட்டியிருந்தாள், அழுதிருந்தாள், போன் பறிபோன கதையை நீட்டி முழக்கியிருந்தாள். இப்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு வெறும் சுவரோரம் போய் நின்று, நிதானமாகக் கைகளை அசைத்தாள். சட்டென்று முடிந்துவிட்டது.

“என்னங்க சொல்றாங்க?”

“நான் அனுப்பல. வர்றேன். இரு.”

ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. ஜாஹித் தன் போனிலிருந்தே அனுப்பினான்.

பதில் எப்படி இருந்தாலும் தூத்துக்குடி பஸ் ஏறுவதென்று நாகஜோதி முடிவு கட்டிவிட்டாள். பையைத் தோளில் மாட்டும்போது மேசைமேல் போன் அதிர்ந்தது. சின்னத் திரையில், இன்னும் ஓடத் தொடங்காத வீடியோவில், சகாயராஜ் நின்றுகொண்டிருந்தான். அவன் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராக உயர்ந்திருந்தன.

“என்ன சொல்றாருங்க?” ஜாஹித் எட்டிப் பார்த்தான்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேண்ணே.”

நாகஜோதி போனை வாங்கி, கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தாள்.