பட்டி வாய் வைக்காத புல்

மாடு தின்னாத புல்லை ஒரு மனுசன் மெனக்கெட்டு நட்டு, களையெடுத்து, தண்ணி பாய்ச்சி வளர்க்கிறான் என்றால் அவனுக்குக் கிறுக்குத்தான் பிடித்திருக்க வேண்டும். எலப்புள்ளிக்குக் கிழக்கே எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். காளிச்சாமிக்கே சில நாள் அப்படித்தான் தோன்றியது.

முந்தின வருசம் வரைக்கும் அவர் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக மரவள்ளி போட்டார். கிழங்கு இறங்கியதும் காட்டுப்பன்றி இறங்கியது. கடலை போட்டார். மயில் கொத்தியது போக மிச்சத்தைப் பன்றி உழுதுவிட்டுப் போனது. ராவெல்லாம் தகர டப்பாவைத் தட்டித் தட்டி அவர் சம்சாரம் பழனாத்தாளுக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாமல் போயிற்று. அந்த நேரத்தில்தான் திருச்சூர்ப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் ரிஜோ தோப்பு நிழலைப் பார்த்துவிட்டு ஜீப்பை நிறுத்தினான்.

"சேட்டா, மோண்டோ புல்லு வைக்கலாம். தோட்டத்துல அழகுக்கு வைக்க ரிசார்ட்டுக்காரங்களுக்கு ஒத்திரி வேணும். எப்பவும் பச்சையா நிக்கும். பன்னி திங்காது, மயிலு கொத்தாது. பசு திரும்பிக்கூட நோக்காது."

பன்றி தின்னாது என்றதுமே பழனாத்தாள் தலையை ஆட்டிவிட்டாள். கடைசியில் சொன்னதைக் காளிச்சாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வினையெல்லாம் அதில்தான் இருந்தது.

நடவு சாமானியமில்லை. ரிஜோ இறக்கிவிட்ட கொத்துகளைக் கையால் பிய்த்து, வேரோடு இரண்டு மூன்று தாளாகப் பிரித்து, நாலு விரல் தள்ளி நாலு விரல் தள்ளி ஊன்ற வேண்டும். கழுத்து மண்ணுக்குள் போனால் அழுகும். வேர் வெளியே தெரிந்தால் காயும். மழைக்காலம் பூராவும் புருசனும் பெண்டாட்டியும் குந்தின வாக்கிலேயே நகர்ந்தார்கள். பொழுது சாய்ந்து எழுந்தால் இடுப்பு மட்டும் எழுந்திருக்காது. வீட்டுக்குப் போகிற பாதி வழியில்தான் அது வந்து சேரும். நட்டு முடித்த பிறகு களை. இந்தப் புல்லுக்குள் கோரை முளைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதற்குள் கண் பூத்துப்போகும். காலமெல்லாம் புல்லைக் கண்டால் பிடுங்கிய கைகள் அவை. இதைப் பிடுங்காதே, அதைப் பிடுங்கு என்று கைக்குப் பாடம் சொல்வதே பெரும்பாடாக இருந்தது. தென்னை மட்டை விழுந்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டும், அடியில் கிடக்கிற புல் வெந்துவிடும். தண்ணி தேங்கினால் வெட்டிவிட வேண்டும். பிறந்த பிள்ளைக்குக்கூடப் பழனாத்தாள் இத்தனை பார்த்ததில்லை.

ஆனால் புல் பிடித்துக்கொண்டது. தோப்பு முழுக்கக் கரும்பச்சையாக, வாரிவிட்ட மயிர் மாதிரி அடர்ந்து நின்றது. ரிஜோ சொன்னபடியே பன்றி வந்தது, முகர்ந்தது, போயிற்று. குளம்புத் தடம் மட்டும் கிடந்தது. மயில் வரப்பு மேலேயே நடந்துபோயிற்று. பழனாத்தாள் பல வருசத்துக்கப்புறம் ராவில் கையைக் காலை நீட்டித் தூங்கினாள். காளிச்சாமிக்குத்தான் தூக்கம் வரவில்லை. பன்றி தின்றபோது கூட இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை. பன்றிக்கும் ஆகாத ஒன்றையா நாம் விளைய வைத்திருக்கிறோம்?

அது போகட்டும் என்றால் பட்டிப்பொங்கல் கிட்டே வந்துவிட்டது. அவர்கள் வகையறாவில் ஒரு மாமூல் உண்டு. அந்த வருசம் நிலத்தில் என்ன விளைந்ததோ அதில் ஒரு வாய் பட்டியில் வைக்க வேண்டும். பட்டியில் நிற்கிற மாடு அதைத் தின்ன வேண்டும். தின்றதும் பங்காளி வீடுகளில் மூத்த பொம்பளை யாரோ அவள் "பட்டியோ பட்டி!" என்று கூவுவாள். கூவினால் கூவினதுதான், வெள்ளாமை நின்றது. மாடு வாய் வைக்கவில்லை என்றால் அந்த வெள்ளாமை நிலத்தில் நிற்கக்கூடாது. காளிச்சாமியின் அப்பன் ஒரு வருசம் புகையிலை போட்டார். எருது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் காலையில் முற்றின புகையிலையை மனுசன் அப்படியே ஏர் கட்டி உழுதுபோட்டார். அந்த வருசம் பூராவும் வீட்டில் கஞ்சிதான். ஊருக்குள் அவருக்கு இருந்த பேரே அந்த உழவால் வந்தது.

பால் சொசைட்டியில் நாலு பேர் நிற்கிறபோதுதான் மயிலாத்தாள் இதைக் கிளப்பினாள். செத்துப்போன பங்காளி அண்ணன் சம்சாரம், காளிச்சாமிக்கு நங்கையா முறை. வகையறாவில் இப்போது மூத்த பொம்பளை அவள்தான். நாக்கும் அவளுக்குத்தான் நீளம்.

"ஏனுங்க கொழுந்தனாரே, தோப்புல சவுரி நட்டு வெச்சிருக்கீங்களாமா? எனக்கு ஒரு முழம் அறுத்துக் குடுங்கொ. கொண்டெ சிறுத்துப்போச்சு."

"சவுரியில்லீங்க நங்கையா, புல்லு."

"புல்லுன்னா மாடு திங்கோணுமுங்கொ. பட்டிக்கு என்னத்தெ வெப்பீங்க?"

"அதையேதான் வெப்பேன். திங்கும்."

"திங்காட்டி?"

பால் கேனோடு நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காளிச்சாமிக்குக் காது சூடேறியது. "திங்காட்டி எங்கப்பன் செஞ்சதையே நானுஞ் செய்யறேன். மக்யா நாள் டிராக்டர் உட்டுருவேன்" என்று சொல்லிவிட்டார்.

செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. பழனாத்தாள் வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, வாயெ வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டீங்ளா? பொங்கல் கழிஞ்சா அந்த நர்சரிப் பையன் புல்லெ வாங்க லாரியோட வாரேன்னிருக்கறான். குந்திக் குந்தி என்ற முட்டி தேஞ்சது எனக்குத்தான் தெரியும். டிராக்டர் உட்டீங்கன்னா முன்னால போய்ப் படுத்துக்குவேன், பாத்துக்குங்க. எனக்கு எங்கியாச்சும் படுத்தாப் போதும்."

"திங்க வெச்சர்றேன் புள்ளெ."

அன்றைக்கே தொடங்கினார். செவலைப் பசுவுக்கு அந்தப் புல்லைப் புண்ணாக்கோடு பிசைந்து வைத்தார். பசு புண்ணாக்கைத் தின்றுவிட்டுப் புல்லை மட்டும் ஒவ்வொரு தாளாகத் துப்பித் தொட்டி விளிம்பில் அடுக்கி வைத்திருந்தது. பருத்திக்கொட்டையில் கலந்தார், வெல்லப்பாகில் முக்கினார். பாகை நக்கிவிட்டுப் புல்லைச் சுத்தமாகக் கழுவின மாதிரி திருப்பிக் கொடுத்தது. பக்கத்துத் தோட்டத்து வெள்ளாட்டைக் கேட்டு வாங்கி வந்தார். எருக்கிலையைத் தின்கிற ஆடு அது. வந்து முகர்ந்து ஒரு தும்மல் போட்டது, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முந்தின சந்தைக்கு வேலந்தாவளம் போனார். மாட்டுத் தரகர் சந்தனம் ரொம்பப் பழக்கம். விரல் கணக்கில் விலை பேசத் துண்டை விரித்துப் போட்டு, அதற்கடியில் காளிச்சாமியின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"பாலுக்குங்களா, உழவுக்குங்களா?"

"ரண்டும் வேண்டாமுங்க."

"கண்ணு போடோணுமா?"

"அதும் வேண்டாம்."

"அப்பறம் என்னதானுங்க வேணும்?"

"வாய் வேணுமுங்க. எதெக் கண்டாலும் திங்கிற வாய்."

சந்தனம் பிடித்திருந்த விரலை விட்டார். சுழி கேட்டவனைப் பார்த்திருக்கிறார், மடி கேட்டவனைப் பார்த்திருக்கிறார், குளம்பு கேட்டவனைப் பார்த்திருக்கிறார். பிறகு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். "இதுக்கு வெரல் இல்லீங்க. நேராவே பேசிக்கலாம்."

புளியமரத்தடியில் ஒதுக்கிக் கட்டியிருந்த ஒரு கிழட்டுக் காரி மாட்டிடம் கூட்டிக்கொண்டு போனார். விலா எலும்பெல்லாம் தெரிந்தது. மரப்பட்டையைத் தின்றுகொண்டிருந்தது.

"இதுக்கு மழெக்கோட்டுன்னு பேருங்க. மில்லுக்குப் போற ஒருத்தன் கழட்டி வெச்ச மழெக்கோட்டெ முழுசாத் தின்னுருச்சு. பொத்தானெ மட்டும் மக்யா நாளு கீழ போட்டுது. அப்பறம் கல்யாண பிளெக்சு ஒண்ணு. மாப்பிள்ளையெத் தின்னுட்டுப் பொண்ண உட்டுருச்சு. அதுக்குமேல என்ன வாய் வேணுமுங்க உங்களுக்கு?"

காளிச்சாமி மறுபேச்சுப் பேசாமல் ஓட்டிக்கொண்டு வந்தார்.

மழைக்கோட்டு வந்த அன்றே பழனாத்தாளின் விளக்குமாற்றைத் தின்றது. கால்மிதி, கட்டுக்கயிற்றின் நுனி, விவசாய ஆபீசு கிருஷி பவனிலிருந்து வந்த நோட்டீஸ், காளிச்சாமியின் இடது செருப்பு வார் எல்லாம் வரிசையாக உள்ளே போயின. அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு பிடி புல்லை அறுத்துக்கொண்டு போய் நீட்டினார். மழைக்கோட்டு முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. ஆசுபத்திரியில் டாக்டர் சொந்தக்காரர்களைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"பசிச்சாத் திங்கும்" என்றார் காளிச்சாமி.

"பொங்கல் நோம்பிக்கு மாட்டெப் பட்டினி போடறது பாவமுங்க" என்றாள் பழனாத்தாள். சொன்னாளே தவிர அவளும் தீனி வைக்கவில்லை.

பட்டிப்பொங்கல் அன்றைக்கு வகையறா முழுக்க அவர் பட்டியில்தான் நின்றது. வேறு வீட்டுப் பட்டிகளில் பொங்கப்போகிற பாலைக்கூட அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்கள். பட்டிக்கு நடுவில் தெப்பக்குழி வெட்டி, சாணியால் கரை கட்டி, தண்ணி நிறைத்து, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சுற்றி வைத்திருந்தது. மயிலாத்தாள் முன்னாலேயே கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

காளிச்சாமி மழைக்கோட்டை அவிழ்த்து நடுவில் கொண்டுவந்தார். அது முதலில் பூளைப்பூவைத் தின்றது. பிறகு ஆவாரம்பூ. பிறகு படையல் இலையின் ஓரம். கழுத்தில் போட்ட சாமந்தி மாலையை எட்டிப் பிடித்துப் பாதி தின்றபோது காளிச்சாமி பிடுங்கி, வைக்க இடமில்லாமல் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பெரிய கொத்தாக அறுத்து வந்திருந்த புல்லை அதன் வாய்க்கு முன்னால் வைத்தார்.

மழைக்கோட்டு நகர்ந்து நின்றுகொண்டது.

"தின்னு கண்ணு. ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

"டிராக்டருக்குச் சொல்லியாச்சுங்களா கொழுந்தனாரே?" என்றாள் மயிலாத்தாள். கூட்டம் சிரித்தது.

காளிச்சாமி பழனாத்தாளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஆரத்தித் தட்டை இடது கையில் பிடித்திருந்தாள். வலது கை தோளோடு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் மனுசனுக்கு என்ன ஆயிற்றோ, பொத்தென்று தெப்பக்குழிச் சேற்றில் முட்டி போட்டார். வழுக்கியதால் இரண்டு கையையும் ஊன்றினார். மாட்டுக்குச் சமமாகத் தலை வந்தது.

"இங்க பாரு, ஒண்ணும் பண்ணாது. இப்பிடித் திங்கோணும்" என்று குனிந்து, தரையில் கிடந்த புல்லை வாயால் கவ்வினார். மென்றார். நார் நாராக, நனைந்த சாக்கு மாதிரி இருந்தது. துப்பினால் மாடு பார்த்துவிடுமே என்று முழுங்கினார். இன்னொரு கவ்வு கவ்வினார்.

மழைக்கோட்டு பக்கத்தில் வந்து அவரையே உற்றுப் பார்த்தது. மாடு மெல்ல வாயைத் திறந்து, அவர் தோளில் கிடந்த துண்டை உருவி மெல்லத் தொடங்கியது.

கழுத்தில் பாதி மாலை, நெற்றியில் காலையில் இட்ட குங்குமம், கடைவாயில் பச்சைத் தாள் தொங்க, நாலு காலில் நின்றார் காளிச்சாமி.

மயிலாத்தாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. கல்லிலிருந்து சரிந்தே போனாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கிக் கத்தினாள்.

"தின்னுருச்சு டோய்! பட்டியில நிக்கற மாட்டுல ஒண்ணு தின்னுருச்சு! பட்டியோ பட்டி!"

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கூவினோம் என்று அவளுக்கே உறைத்தது. அதற்குள் பிள்ளைகள் தட்டைத் தட்டிவிட்டார்கள். "பட்டியோ பட்டி!" என்று கூட்டம் முழுக்கத் திருப்பிக் கூவிவிட்டது. கூவினால் கூவினதுதான்.

"நங்கையா, அதெப்பிடீங்க..." என்று எழப்போனார் காளிச்சாமி. அப்பன் பேர் போகிறதா நிற்கிறதா என்று அவருக்கு விளங்கவில்லை.

"அசையாதீங்க" என்றாள் பழனாத்தாள். ஓடி வந்து, தின்ற மாட்டுக்குச் சுற்றுகிற ஆரத்தியை அவருக்குச் சுற்றி, குங்குமத்தை நெற்றியில் இன்னொரு தரம் அழுந்த வைத்து, மிச்சத் தண்ணியைத் தலையில் ஊற்றி முடித்துவிட்டாள். இனி எந்தப் பங்காளி வந்தாலும் அதை மாற்ற முடியாது.

"நல்ல மாடுங்கொ" என்றாள் மயிலாத்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. "தண்ணி காட்டிக் கட்டுத்தறியில கட்டு பழனா."

டிராக்டர் வரவில்லை. காளிச்சாமிக்கு மூன்று நாள் வயிறு சரியில்லை. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனால் யாராவது ஒருத்தர் தவிடு வேணுமா என்று கேட்டார்கள்.

லாரியோடு ரிஜோ வந்தான். தோப்பைப் பார்த்துவிட்டு "அடிபொளி, சேட்டா" என்றான். ஓரமாக நடந்துகொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான். கொத்தாக அறுத்த இடம் மொட்டையாகத் தெரிந்தது. அவன் முகம் மாறிப்போனது.

"இதென்னா? பசு தின்னோ? பசு திங்காதுன்னு சொல்லியல்லே நான் எல்லாவர்க்கும் வித்திருக்கேன்!"

காளிச்சாமி மண்ணைப் பார்த்தார்.

"எங்க பட்டி மாடு ஒண்ணு தின்னுருச்சுங்க" என்றாள் பழனாத்தாள். "அதெ இனிமேலு கட்டியேதான் போடப்போறேன். நீங்க பயப்படாமெ ஏத்துங்க."

ரிஜோ மரத்தடியில் கட்டியிருந்த மழைக்கோட்டைச் சந்தேகமாகப் பார்த்தான். "இதா?"

"சே, இதில்லீங்க. இதுக்கு நாக்குல ருசி தெரியும்."

ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அடுத்த நடவுக்கென்று ஒதுக்கிய கொத்துகளை எடுத்துக்கொண்டு காளிச்சாமி தென்னை நிழலில் குந்தினார். ஒவ்வொன்றாகப் பிய்த்து, வேரோடு இரண்டு மூன்று தாளாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தார். பிரிக்கிறபோது அறுந்த ஒரு தாள் விரலில் ஒட்டியது. எந்த வெள்ளாமைத் தாளானாலும் பல்லில் கடித்துக்கொண்டே வேலை செய்வது அவர் பழக்கம். கை அதுபாட்டுக்கு வாய்க்குப் போயிற்று.

பழனாத்தாள் பார்த்துக்கொண்டு நின்றாள். காளிச்சாமி தாளை மெல்லக் கீழே போட்டார்.