பரிசோதகர் பிடித்த கொலைகாரர்

சக்கரமும் நெருப்பும் கண்டுபிடிக்கப்பட்டதற்கு அடுத்தபடியாக மனிதகுலம் நினைவில் வைத்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், இரண்டாம் மாடி வீடொன்றின் கூடத்தில் நடந்தேறியது என்பதைப் பொதுமக்களுக்குப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர், சோபாவில் சாய்ந்து டிவியைப் பார்த்தபடி, கொலைகாரன் யாரென்று அறிவித்தார்.

"சமையல்காரன்தான். மூஞ்சியே சொல்லுதே!"

அடுத்த காட்சியில் சமையல்காரன் செத்துக் கிடந்தான்.

"பாத்தியா? குற்ற உணர்ச்சி தாங்காம போய்ட்டான்" என்றார் பரிசோதகர்.

"முதுகுல கத்தி இருக்குப்பா" என்றாள் மகள்.

மகள் செயற்கைப் பல் செய்கிறவள். வெளியூரில் பெரிய பல் தயாரிப்புக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அப்பாவோ அந்த முதலாளியை வீடியோ அழைப்பில் ஒரு கணம் பார்த்துவிட்டு விவகாரத்தையே தள்ளுபடி செய்துவிட்டார். "அவன் சிரிப்பு சரியில்ல." பல் விற்கிறவன் சிரிக்காமல் அழவா முடியும் என்று மகள் கேட்டது எடுபடவில்லை. "பெட்டியில ஏறும்போதே டிக்கெட் இல்லாதவன மூஞ்சியப் பாத்துப் பிடிச்சவன்மா நான்!" டிக்கெட் வைத்திருந்தவர்களையும் அவர் அப்படியே பிடித்தார் என்பது ரயில்வேயின் உள்விவகாரம்.

போயே தீர்வது என்று மகள் முடிவு கட்டிவிட்டாள். ஆனால் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க, பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்க அவளுக்கு மனம் வரவில்லை. 'போய்ட்டு வா' என்ற சொல் அவர் வாயிலிருந்தே வரவேண்டும். அதை எப்படி வரவழைப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் அந்தத் தொடர் கைக்கு வந்தது.

மூடப்போகிற வீடியோ கடையில் ஒரு கூடை நிறைய டிவிடிகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். அட்டையில் மூடுபனி, ஒரு மலை ஓட்டல், விளக்கெரியும் ஒற்றை ஜன்னல். யாரும் கேள்விப்பட்டிராத பெயர். அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், பூச்சாடிக்குப் பீடமாக இருந்த பழைய பிளேயரைத் தூசி தட்டி முதல் டிஸ்கைப் போட்டாள். ஓட்டலில் அத்தியாயத்துக்கு ஒருவர் சாகிறார். அடுப்பில் வைத்த சோறு கரியானது, அவள் எழுந்திருக்கவில்லை. கடைசி டிஸ்க் வரைக்கும் சந்தேகப்பட்டதெல்லாம் தப்பான ஆளைத்தான். முடிவைப் பார்த்துவிட்டு நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு யோசனை பிறந்தது.

"அப்பா, நீங்க ஆளக் கணிக்கிற ஆளுதானே? இதப் பாருங்க. கடைசி டிஸ்க் போடறதுக்கு முன்னாடி கொலைகாரனச் சொல்லிட்டீங்கன்னா நான் இங்கயே இருக்கேன். தப்பாச் சொன்னா என்னை அனுப்பணும்."

"நாலு சீன் போதும்டி எனக்கு."

இப்படித்தான் சமையல்காரன் உயிரைவிட்டான். பிறகு ஓட்டல் முதலாளி மாட்டினார். அவரும் ஒரு நீச்சல்குளத்தில் மிதந்தார். பரிசோதகர் கைகாட்டியவர்களெல்லாம் வரிசையாகப் பரலோகம் போனதில் மகளுக்கு நிம்மதி. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, பாதியில் துணியை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். காப்பி போட யாரும் எழவில்லை, கேட்கவும் இல்லை.

கடைசிக்கு முந்தைய டிஸ்க் முடிந்தது. பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டாக்டரம்மா."

மகள் முகம் தொங்கிப்போனது. டாக்டரம்மாவேதான். ஒவ்வொரு சாவுக்கும் ஓடிவந்து, நாடி பார்த்து, கண்ணீர் விட்ட அதே டாக்டரம்மா.

"சும்மா சொல்றீங்க" என்றாள்.

"சும்மாவா? செத்தவங்க பக்கத்துல எல்லாம் அவதானே நிக்கிறா?"

அம்மா மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த சட்டையை உதறி மடித்தபடி, "அட, நானும் அதத்தாங்க நெனச்சேன். முதல்லேர்ந்தே எனக்கு அந்த டாக்டர் மேலதான் சந்தேகம்" என்றாள்.

பரிசோதகரின் புருவம் மெல்ல மேலேறியது. மணமான நாள் முதல் மனைவியின் கருத்தும் தன் கருத்தும் ஒன்றாக இருந்ததாக ஒரு அவப்பெயர் அவருக்கு வந்ததில்லை.

"நீயும் அதத்தான் நெனச்சியா?"

"ஆமாங்க. யாருக்கும் தோணுமே!"

"அதானே பாத்தேன். எல்லாருக்கும் தோணணும்னுதான் அவள அங்க நிறுத்தி வச்சிருக்கான். மாத்து. அந்தச் சக்கர நாற்காலிக்காரன். அவன் செருப்போட அடி தேய்ஞ்சிருக்கு, கவனிச்சியா? நடக்கிறான் பயல்!"

"கடைசி வார்த்தையாப்பா?"

"எழுதி வச்சுக்கோ."

கடைசி டிஸ்க் சுழன்றது. சக்கர நாற்காலிக்காரர் யாரையும் கொல்லாமல், செருப்புக்கு எந்த விளக்கமும் தராமல், நாற்காலியோடு படியில் உருண்டு செத்தார். தள்ளிவிட்ட டாக்டரம்மா நிதானமாகக் கை கழுவினார்.

"நான்தான் முன்னாடியே சொன்னேனே!" என்று துள்ளினார் பரிசோதகர்.

"சொன்னீங்க. சரியான வண்டியில ஏறி உக்காந்துட்டு, நடுவழியில நீங்களாத்தானே இறங்கினீங்க?" என்றாள் அம்மா.

பரிசோதகர் திரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பெயர்கள் ஓடி முடிந்தன. பயணியிடம் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிற பழைய தோரணையில் காலி டிவிடி பெட்டியை மகளிடம் நீட்டினார்.

"போய்ட்டு வா. அவன் சிரிச்சா மட்டும் நம்பாத."

சமையலறையில் மகள் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். "டாக்டர்தான்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எனக்கெங்கடி தெரியும்? உங்கப்பா டாக்டர்னு சொன்னதும் உன் மூஞ்சி போன போக்கப் பாத்தேன்."

மகள் வேலையில் சேர்ந்தாள். இங்கே செய்த அதே பல்லைத்தான் அங்கேயும் செய்தாள்.