வெள்ளரிக்குழி

...இதுவும் போயிற்று, நேற்று மாலை வரைக்கும் பச்சையாக இருந்த இலை, இப்போது ஓரமெல்லாம் பொரித்த அப்பளம்போலச் சுருண்டு, தொட்டால் கையோடு உதிர்கிறது, தண்ணீர் போதவில்லையா, காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு, ஒருநாள்கூடத் தவறியதில்லையே... தாப்பு வீட்டின் பின்புறம் முள்வேலிக்கும் மண்சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தாள். குச்சிகளில் கட்டிய பழைய முக்காட்டுத் துணி தலைக்கு மேல் அனல்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆடு சுவரின் நிழலோடு நிழலாக ஒடுங்கிக் கிடந்தது. இந்தக் காந்தலில் யாராவது வெள்ளரி போடுவார்களா, மழை விழுந்த பிறகல்லவா இந்த ஊரில் விதையையே கையில் எடுப்பார்கள், பேம்பி வேலிக்கு அந்தப்பக்கமிருந்து தினமும் கேட்கிறாள், இன்று காலையிலும் கேட்டாள், "என்னடி தாப்பு, வெயிலுக்குத் தாலாட்டா? உன் வெள்ளரிக்கு நீ குடை பிடிக்கிற மாதிரி என் புருஷனுக்கு நான் ஒருநாள் பிடிச்சதில்ல," என்று சிரித்தாள், சிரித்த கையோடு, "உன் மருமக இன்னிக்காவது ரெண்டு வாய் தின்னாளா?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கம்பு ரொட்டி வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது, மோர் ஈ மொய்த்துக் கிடந்தது, இதையா சொல்வது?

மாசியில் மகன் கேத்தா போனான். கல்குவாரித் தூசி நெஞ்சில் ஏறி, முப்பது வயதுக்குள் கிழவன் மாதிரி இருமி இருமி, உள்ளறைக் கட்டிலில்தான் போனான். அன்றிலிருந்து அவன் பெண்டாட்டி ஹஞ்சா அதே அறையின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு. தாலியறுத்தவள் மூலையில் உட்காருவது இங்கே எல்லோரும் செய்ததுதான், தாப்பும் உட்கார்ந்து எழுந்தவள்தான், ஆனால் இவள் வாயையும் சேர்த்தல்லவா மூடிக்கொண்டாள், ஒரு சொல் இல்லை, அழுகைகூட இல்லை, வயிற்றில் இருக்கிற பிள்ளை மட்டும் முக்காட்டுக்கு அடியில் வளர்ந்துகொண்டே வருகிறது, தாய் தின்னாமல் அது எதைத் தின்று வளர்கிறது... பிரசவம் பார்க்கிறவள் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பச்சையா ஏதாவது உள்ளே போகணும், இல்லேன்னா ரெண்டு உசிருக்கும் நான் பொறுப்பில்ல என்று சொல்லிவிட்டுப் போனாள். பச்சைக்கு எங்கே போவது, கண்ணுக்கெட்டியவரை வன்னி மரத்தையும் எருக்கையும் தவிர என்ன இருக்கிறது? அப்போதுதான் அந்தக் குரல் ஞாபகம் வந்தது, மாசிக்கு முன்னால் ஒரு மத்தியானம் உள்ளறையிலிருந்து வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒரு துண்டு வெள்ளரி இருந்தா நாக்குக்கு நல்லாருக்கும்" என்று. மசக்கைக்காரி வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதற்குத்தான் இத்தனையும், பரணிலிருந்து விதையை எடுத்தது, ஆட்டுப்புழுக்கையை இடித்து மணலில் கலந்தது, குழி வெட்டியது, எல்லாம்.

தண்ணீரையும் வீணடிக்கவில்லை. முற்றத்தில் தரைக்கடியில் கட்டிய தொட்டியில் இருப்பது போன வருஷத்து மழை, குடிக்க மட்டும், மூடிக்குப் பூட்டு, சாவி தாப்புவின் பாவாடை நாடாவில். செடிக்கு ஊற்றியதெல்லாம் டிராக்டரில் வருகிற கிணற்றுத் தண்ணீர், ஆடு குடிக்கும், மனிதன் வாயில் வைத்தால் கரிக்கும். அதையும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து உடம்புக்கு ஊற்றி, கட்டிலுக்கடியில் தட்டு வைத்துப் பிடித்து, பிறகுதான் செடிக்கு. தண்ணீரை எப்படிப் புழங்குவது என்று தாப்புவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கல்யாணமாகி வந்த அன்று ஹஞ்சா கை கழுவ ஒரு முழுச் சொம்பைக் கவிழ்த்தபோது இவளுக்கு நெஞ்சே நின்றுபோயிற்று, "வாய்க்கால்காரி! கையைக் கழுவச் சொன்னா கன்னுக்குட்டியைக் குளிப்பாட்டுறியே," என்று கத்தியதும், கேத்தா விழுந்து விழுந்து சிரித்ததும், "விடும்மா, அவ ஊர்ல தண்ணி ஓடுற சாமான், நம்ம ஊர்ல உக்காந்திருக்கிற சாமான்," என்றதும்... அந்தச் சிரிப்பு எங்கே போயிருக்கும், அதுவும் மணலுக்குள்தானா?

அவள் குழியின் மண்ணை விரலால் கீறினாள். மேலே வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு பொருக்கு. இது எப்போது வந்தது, மூன்று குழியிலும் இருக்கிறது, இரண்டு குழி முழுக்கச் செத்துவிட்டது, இந்தக் குழியில் மட்டும் நுனியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு பச்சை. சாபமா, எவள் கண்ணாவது பட்டதா, பேம்பி கண்ணா? இந்த நுனியும் போனால் என்ன செய்வேன், இவளுக்கு எதைக் கொடுத்து எழுப்புவேன், கேத்தா விட்டுப்போனது அந்த வயிற்றில் இருக்கிறது ஒன்றுதானே...

"உப்பு மேல வந்திருக்கு அத்தை."

தாப்பு திரும்பவில்லை. காற்று பேசியது என்றுதான் நினைத்தாள். பிறகு பின்வாசலில் முக்காடு தெரிந்தது, அதற்குக் கீழே வெயிலையே பார்க்காமல் வெளுத்துப்போன பாதங்கள். மூலையை விட்டுப் பட்டப்பகலில் எழுந்து வந்துவிட்டாளே, பேம்பி பார்த்தால் ஊர் முழுக்கச் சொல்வாளே, என்று ஒரு மனது பதறியது, இன்னொரு மனது, பேசிவிட்டாள், பேசிவிட்டாள் என்று நெஞ்சில் முட்டியது. "கொஞ்சங் கொஞ்சமா விட்டா உப்பு மேலேயே நிக்கும். எங்க ஊர்ல வயலை ஒருதரம் முழுக்க நனைப்பாங்க. நல்ல தண்ணி, நிறைய. அப்பத்தான் கீழ இறங்கும்," என்றாள் ஹஞ்சா, பழக்கம் விட்டுப்போன தொண்டையால், ஒவ்வொரு சொல்லாக. நல்ல தண்ணியா, தொட்டித் தண்ணியா, அதை மண்ணிலா? "பைத்தியமாடி உனக்கு? வாளி விட்டா அடியில உரசுது. மழைக்கு இன்னும் எத்தனை நாளோ!" ஹஞ்சா வீட்டுக்குள் போகத் திரும்பினாள். மறுபடி அந்த மூலைக்கு. தாப்பு எழுந்த வேகத்தில் முழங்கால் நொடித்தது. "நில்லு!"

பூட்டைத் திறந்தது அவள் கைதான், வாளி விட்டு மொண்டதும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்ததும் அவள்தான், ஆனால் குழியருகே நின்றதும் கை சாயமாட்டேன் என்றது. பிறந்ததிலிருந்து ஒரு குடம் தண்ணீரை முழுசாகத் தரையில் ஊற்றியதே இல்லை இந்தக் கை. பாத்திரத்தைச் சாம்பலில் துலக்கிய கை, விருந்தாளிக்கு அரைச் சொம்பு நீட்டிய கை, கட்டிலில் கிடந்தவனுக்குப் புரையேறும் என்று துணியை நனைத்து உதட்டில் ஒற்றிய கை... சொட்டுச் சொட்டாக. எல்லாமே சொட்டுச் சொட்டாக. ஹஞ்சா வந்து குடத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். தூக்கவில்லை, வைத்தாள் அவ்வளவுதான். குடம் சாய்ந்தது.

தண்ணீர் குழியில் நின்றது, வெள்ளைப் பொருக்கு மிதந்தது, உடைந்தது, சளசளவென்று மணல் உறிஞ்சுகிற சத்தம், இத்தனை தண்ணீருக்கு மண் இப்படிச் சத்தம் போடும் என்று தாப்புவுக்கு இத்தனை வயதுக்குத் தெரியாது. "பார், உனக்காகத்தான்டி ஊத்துறேன், நீ வாய்விட்டுக் கேட்டியே, அதுக்காகத்தான்," என்றாள், கண் எரிந்தது, "காய்ச்சா முதல் காய் உனக்கு."

"என்ன கேட்டேன்?"

"ஒரு துண்டு வெள்ளரின்னு..."

முக்காடு மெல்ல அசைந்தது. "நான் கேக்கலையே அத்தை. வெள்ளரி எனக்கு ஆகாது, கசக்கும்."

மத்தியானம், உள்ளறை, மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் குரல், ஒரு துண்டு வெள்ளரி இருந்தா... அதற்கு முன்னால் ஒரு சொல் இருந்தது, அதை எப்படி விட்டாள், இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாள்... அம்மா என்றல்லவா அந்தக் குரல் தொடங்கியது, ஹஞ்சா ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லையே, கட்டிலில் கிடந்தவனல்லவா அப்படிக் கூப்பிடுவான். அப்படியானால் இது காய்த்தால் யாருக்கு, யார் வந்து தின்ன... கையில் காலிக் குடம், குழியில் ஈரம் மட்டும், நுனியில் அந்த நகமளவு பச்சை. "இன்னொரு குடம் எடுக்கட்டுமா?" என்றாள் ஹஞ்சா, தொட்டிப் பக்கம் திரும்பி. தாப்புவின் விரல்கள் பாவாடை நாடாவில் சாவியைத் தேடிப் பிடித்தன, போய்ப் பூட்டவா, அவளிடம் கொடுத்துவிடவா என்று அவளுக்கே தெரியாமல்.