கருப்பு எத்தனை மில்லி?

பெயிண்ட் கடையில் நிறம் கலக்குவது அவள் வேலை. கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். நிறத்தைத் தேர்ந்தெடுத்து எத்தனை லிட்டர் என்று தட்டினால், எந்தச் சாயம் எத்தனை மில்லி என்று பெருக்கிக் காட்டிவிடும். அந்தக் கணக்கைப் போடும் டேட்டாபேஸைச் செய்துகொடுத்தது அவளுடைய நாத்தனார். வீட்டில் நாத்தனாருக்குக் கணக்குப்புலி என்றே பட்டம்.

ஒரு நாள் காலை டீச்சர் ஒருவர் இரண்டு டப்பாக்களோடு வந்து நின்றார். முதலில் நாலு லிட்டர் வாங்கியவர், ஒரு மூலைக்குப் போதாமல் பிறகு ஒரு லிட்டர் வாங்கியிருந்தார்.

"ஒரே நிறம்னுதானேம்மா குடுத்தே? அந்த மூலை மட்டும் பளிச்சுனு தனியா நிக்குது."

வேறு யாராவது இருந்தால் "காய்ஞ்சா சரியாயிடும்" என்று பூசி மெழுகியிருப்பார்கள். அவளுக்கோ காரணம் உடனே தெரிந்தாக வேண்டும். டீச்சருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, நாலு லிட்டர் என்று தட்டினாள். நீலம் 12, மஞ்சள் 8, கருப்பு 2. ஒரு லிட்டர் என்று தட்டினாள். நீலம் 3, மஞ்சள் 2, கருப்பு 0.

"நாலுக்கு ரெண்டுன்னா ஒண்ணுக்கு அரையாவது வரணுமே! எங்க போச்சு?"

இரண்டு லிட்டருக்குக் கருப்பு 1. மூன்று லிட்டருக்கும் அதே 1! டீச்சரும் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். "பெருசா ஏதாவது போட்டுப் பாரேன்." நூறு லிட்டர் என்று போட்டாள். கருப்பு 40.

"அப்போ லிட்டருக்குப் பாயிண்ட் நாலு. உள்ளுக்குள்ள சரியா வெச்சிருக்கு, வெளிய சொல்லத்தான் மாட்டேங்குது!" என்றாள் அவள்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"ஆமா அண்ணி, நான்தான் புள்ளிக்கு அப்புறம் ஒண்ணுமே காட்டாதேன்னு வெச்சேன். சில நிறத்துக்கு வாலு மாதிரி பத்துப் பன்னெண்டு எண் வந்துச்சு. பாக்க சகிக்கல. கணக்கு தப்பாகாது, காட்டும்போதுதான் பக்கத்து முழு எண்ணா மாறிடும்."

"நான் காட்டுறதைப் பாத்துத்தானேடி ஊத்துறேன்!"

நாத்தனாரின் குரல் இறங்கியது. "புள்ளிக்கு அப்புறம் எத்தனை இடம் வேணும் அண்ணி?"

அவள் கையிலிருந்த, சாயம் அளக்கும் சிரிஞ்சைப் பார்த்தாள். ஒரு மில்லிக்குள் பத்துக் கோடுகள். "ஒரே ஒரு இடம். அதுக்கு மேல காட்டினாலும் என்னால அளக்க முடியாது."

நாத்தனார் சொல்லச் சொல்ல, மில்லியைக் காட்டும் கட்டத்தின் அமைப்பைத் திறந்து தசம இடத்தை 0-லிருந்து 1 ஆக்கினாள். நாலு லிட்டருக்குக் கருப்பு 1.6 என்று வந்தது. ஒரு லிட்டருக்கு 0.4.

சிரிஞ்சில் கருப்பை உறிஞ்சப் போனவள் சட்டென்று நின்றாள். "டீச்சர், உங்க நாலு லிட்டர்ல நான் ரெண்டு முழுசா ஊத்தியிருக்கேன். இப்போ சரியான கணக்குல கலந்தா, அந்தச் சுவரோட ஒட்டாது."

"அப்போ தப்பாவே கலந்து குடு!" என்று டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

நாலுக்கு ரெண்டு என்ற அதே கணக்கில், புதிதாக ஒரு லிட்டரில் கருப்பு 0.5 ஊற்றிக் கலந்தாள். டீச்சரின் பழைய டப்பாவில் மிச்சமிருந்ததோடு பக்கத்தில் தீட்டிக் காயவைத்தபோது இம்மி வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஒரு லிட்டருக்குக் காசு வாங்க அவள் மறுத்துவிட்டாள்.

வாசல்வரை போன டீச்சர் திரும்பி வந்தார். "அந்தப் பாயிண்ட் நாலு போட்ட சரியான நிறத்தையும் ஒரு அட்டையில தீட்டிக் குடும்மா. எப்படித்தான் இருக்குன்னு பாப்போம்."