கள்ளன் ஒளித்த ஈரல்

பலகையில் ஈரலைக் காணவில்லை. இரத்தினம் கத்தியைக் கழுவுவதற்குக் குழாயடிப் பக்கம் திரும்பியிருந்தார், அவ்வளவுதான். தோட்டக் கொட்டிலில் உரித்த முயல் வைத்தது வைத்தபடி கிடந்தது. ஈரல் இருந்த இடத்தில் ஒரு சிவந்த ஈரம் மட்டும். கூடுகளில் ஒன்றின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அதைத் திறந்துவிட்டவரும் அவர்தான். “இந்தா ராசா, பசியாறு” என்று கொஞ்சிக்கொண்டே திறந்தார். கள்ளன் பசியாற நிற்கவில்லை. கௌவிக்கொண்டு, பாதி திறந்திருந்த சமையலறைக் கதவால் வீட்டுக்குள் ஓடிவிட்டான்.

கள்ளன் ஒரு ஃப்ரெட்சென், ஜெர்மன்காரர் வீட்டில் வளர்க்கிற ஒரு பிராணி. அதற்குத் தமிழில் என்ன பெயரென்று அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. இரத்தினத்தின் மனைவி ஜெயமலர் கீரி என்பாள். நீண்ட உடம்பு, குட்டைக் கால், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. மருமகள் தக்சாயினி மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். வளர்த்தவர்கள் வேண்டாமென்று விட்டுப்போன நாலு ஃப்ரெட்சென்களை அவள் பிராங்பேர்ட்டுக்கு வெளியே இருக்கும் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, இரத்தினம் ஒரு கிழமை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள், காணாமற் போன அவருடைய காலுறைகள் பதினேழும் சோபாவுக்குப் பின்னால் ஒழுங்காக அடுக்கியபடி கிடக்கக் கண்டார். பதினேழையும் ஒருத்தன் தனியாக இழுத்திருக்கிறான்! மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே கள்ளன் என்று பெயரும் வைத்தார். அதற்குப் பிறகு வேலையால் வந்தால் முதலில் கூட்டடிக்குப் போய்விட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவார்.

எல்லாம் விரதத்தால் வந்தது. கந்தசஷ்டி தொடங்க முதல்நாள் ஜெயமலர் குளிர்ப்பெட்டியை மஞ்சள் தண்ணீரால் துடைத்தாள் என்றால், ஆறு நாளைக்கு இறைச்சி என்ற பேச்சே அந்த வீட்டில் எழும்பாது. தக்சாயினியும் ஓமென்று சொல்லிவிட்டாள். கடையில் விற்கும் காய்ந்த உருண்டைத் தீனோடு ஆறு நாள் சமாளிக்கலாம் என்பது அவள் கணக்கு. மற்ற மூன்றும் சமாளித்தன. வயது போன கள்ளன் மட்டும் உருண்டையை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் நாள் சனிக்கிழமை விடியத் தக்சாயினி, “மத்தியானம் வந்து ஏதும் வழி பாப்பம் மாமா, மாமியோடையும் கதைக்கிறன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் மட்டும் பொறுக்க இரத்தினத்தால் ஏலவில்லை.

அவர் வேலை செய்வது ஒரு சவக்காலையில், தோட்டக்காரராக. நவம்பரில் கல்லறைகளின் ரோசாச் செடிகளை வெட்டி, குளிருக்கு ஊசியிலைக் கிளைகளைப் பரப்பி மூடுகிற வேலை. அன்று காலை இரண்டு முயல்களைக் கண்டார். ஒன்று பாதை நடுவில் குந்தியிருந்தது. கண்ணிரண்டும் வீங்கி ஒட்டி, தலை பெருத்து, ஆள் கிட்டப் போனாலும் அசையவில்லை. இலையுதிர்காலம் முழுக்க இப்படி எத்தனையோ பார்த்துவிட்டார்கள். அதை மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு அப்பால் போனார். மற்றது வேலியோரம் செத்துக் கிடந்தது. உடம்பில் சூடு ஆறவில்லை. மயிர் மினுங்கியது, கண் தெளிவாக இருந்தது. பார்த்தீர்களா, எவ்வளவு கவனமான மனுசன்! நோய்பட்ட வருத்தக்காரனை விட்டுவிட்டு நல்லதைத்தான் எடுத்திருக்கிறார். வீட்டுக்குள் கொண்டுபோகவுமில்லை, கொட்டிலில் வைத்துத்தான் உரித்தார். விரதமும் கெடாது, கள்ளனும் பட்டினி கிடக்கமாட்டான். தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. தக்சாயினி தோளில் பையோடு கொட்டில் வாசலில் வந்து நின்றாள். பலகையைப் பார்த்தாள். திறந்த கூட்டைப் பார்த்தாள்.

“எங்கை எடுத்தனீங்கள் மாமா?”

“சவக்காலையிலை. பயப்பிடாதை பிள்ளை, கண் வீங்கினதை நான் தொடேல்லை. இது நல்ல முசல்.”

“ஆரும் சுட்டதோ? நாய் கடிச்சதோ?”

“ஒரு காயமும் இல்லை. சோக்கான முசல்.”

“அப்ப ஏன் செத்தது?”

இரத்தினம் பலகையில் கிடந்த முயலைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நேரமும் அந்தக் கேள்வி தன் மண்டைக்குள் வரவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“கண் வீங்கிற வருத்தம் முசலுக்குத்தான் மாமா. ஃப்ரெட்செனுக்கும் தொத்தாது, எங்களுக்கும் தொத்தாது. எண்டாலும் வருத்தக்கார முசலுக்குள்ளை வேறை என்ன கிருமி இருக்கோ ஆருக்குத் தெரியும், அதாலை அதையும் நான் குடுக்கமாட்டன். ஆனா காயமில்லாமல் சும்மா செத்துக் கிடக்கிறதுக்குத்தான் எனக்குக் கூடப் பயம். ஹாசன்பெஸ்ட் எண்டு ஒரு முசல் காய்ச்சல் இருக்கு. அது ஃப்ரெட்செனுக்கும் வரும், மனிசருக்கும் வரும்.”

சொல்லிக்கொண்டே அவள் கிட்ட வந்தாள். முயலைப் பார்ப்பாள் என்று அவர் விலகி இடம் விட்டார். அவள் முயலைப் பார்க்கவில்லை.

“கையைக் காட்டுங்கோ.”

காட்டினார். காலை முழுக்க ரோசா முள்ளும் ஊசியிலையும் கீறிய கைகள். புறங்கையில், விரலிடுக்கில், மணிக்கட்டில் எல்லாம் சிவந்த கோடுகள். அவற்றின்மேல் முயலின் இரத்தம் காய்ந்து கிடந்தது.

“வெறுங்கையாலை உரிச்சனீங்களோ?” அவள் குரல் அப்போதுதான் நடுங்கியது. இந்தப் பிள்ளையின் குரல் நடுங்கி அவர் கேட்டதில்லை. கள்ளனுக்கு என்ன ஆகுமோ என்றுதான் அதுவரை அவர் பயந்துகொண்டிருந்தார். இப்போது ஒருத்தி தன்னை நினைத்துப் பயப்படுகிறாள்.

அதற்குப் பிறகு அவள் நின்ற நிலை இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது. ஒரு கத்தல் இல்லை, ஒரு குறை சொல்லல் இல்லை. குழாயடியில் நிறுத்தி முழங்கை வரை சவர்க்காரம் போட்டு, அவள் போதும் என்கிற வரைக்கும் கழுவச் செய்தாள். பையிலிருந்து கையுறையும் முகமூடியும் எடுத்து மாட்டினாள். முயலையும் தோலையும் இரண்டு பைகளுக்குள் கட்டி வாளியில் வைத்து மூடினாள். தான் வேலை செய்யும் மிருக வைத்தியருக்குப் போன் அடித்துப் பேசினாள். வருத்தமுள்ள மிருகங்களைச் சோதிக்கிற அலுவலகத்தின் அவசர இலக்கத்துக்கும் அடித்தாள். “திங்கள் எடுத்து, புதன்கிழமை மறுமொழி சொல்லுவினமாம். உங்களை இப்பவே டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேணும். அதுக்கு முதல் ஈரலைக் கண்டுபிடிக்கவேணும்.”

“அவன் திண்டிருப்பான் பிள்ளை.”

“இல்லை மாமா. கள்ளன் கண்டவுடனை தின்னமாட்டான். ஒளிச்சுவைச்சுட்டு ஆறுதலாத்தான் வருவான்.”

சோபாவுக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே மகன் பிருந்தனின் கையுறை ஒன்றும், வழக்கம்போலக் காலுறைகளும் கிடந்தன. சப்பாத்துத் தட்டில் இல்லை. சலவைக் கூடையில் இல்லை. நடைவழியில் நின்ற தக்சாயினி தரையைக் குனிந்து பார்த்தாள். வெள்ளை ஓட்டில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று நீண்டு போய்ச் சுவாமி அறையின் வாசற்படியைத் தாண்டியிருந்தது.

கந்தசஷ்டி மூன்றாம் நாள். முருகன் படத்துக்குக் கீழே இறைச்சி. அந்த நேரம் பார்த்து ஜெயமலர் தோய்ந்த தலையோடு மாடியால் இறங்கி வந்தாள். பழமும் பாலும் தவிர ஒன்றும் சாப்பிடாத முகம். முகமூடியோடு நிற்கிற மருமகளைப் பார்த்தாள், பேயறைந்தவர் போல நிற்கிற புருசனைப் பார்த்தாள், தரையிலிருந்த கோட்டையும் பார்த்தாள்.

தக்சாயினி எல்லாவற்றையும் நாலு வசனத்தில் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பிறகு கேட்டாள்: “மாமி, நான் உள்ளை போகலாமோ?”

ஜெயமலர் சுவாமி அறைப் பக்கம் திரும்பவேயில்லை. “போ பிள்ளை. முருகன் ஒண்டும் கோவிக்கமாட்டார்.” பிறகு புருசனிடம் வந்து, அந்தக் கைகளைப் பிடிக்கப்போய், மருமகள் “தொடாதேங்கோ மாமி” என்றதும் அந்தரத்தில் நிறுத்திக்கொண்டாள். “உங்களுக்கு அறிவிருக்கே? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் நானெல்லோ வழி சொல்லியிருப்பன்!” கண்ணால் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

சூடம் வைக்கிற பெட்டிக்குப் பின்னால், மடித்து வைத்த பட்டுத்துணிக்குள் ஈரல் இருந்தது. பக்கத்தில் கள்ளன் சுருண்டு காவல் கிடந்தான். தக்சாயினி ஈரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் சின்னத் துண்டு இல்லை.

“திண்டவனோ, இழுக்கேக்கை கிழிஞ்சதோ தெரியேல்லை” என்றாள்.

“என்ரை பிழை.”

“பசிச்சவனுக்குச் சாப்பாடு குடுத்தனீங்கள் மாமா. நானும் நேற்றே கதைச்சிருக்கவேணும்.” அவள் அழுதது அப்போதுதான். முகமூடி நனைந்தது. அழுதுகொண்டே பட்டுத்துணியைப் பைக்குள் கட்டினாள்.

டொக்டர் கீறல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மருந்து போட்டார். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதச் சொன்னார். உடம்பு சுட்டால் உடனே வரவேண்டும் என்றார். கள்ளனைத் தனியாகக் கீழ்க் குளியலறையில் விட்டார்கள். தக்சாயினி மட்டும் கையுறையோடு போய் வந்தாள். இரத்தினம் அவள் போகிறதையும் வருகிறதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்தேழு வயது. ஜெர்மனியிலேயே, வுப்பர்டாலில் பிறந்த பிள்ளை. கீரி வளர்க்கிறாள் என்று ஒரு கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவரின் கீறல்களை இன்று எண்ணி எழுதி வைத்திருக்கிறாள், பத்தொன்பது என்று. ஒரு கீறல் சிவந்து வீங்கினாலும் அவளுக்குத் தெரியவேண்டுமாம்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்து ஆள் வந்து வாளியை எடுத்துப்போனான். மறுமொழிக்கு இன்னும் இரண்டு நாள். தக்சாயினி ஊசிக்குழாயால் புகட்டிய கூழைத் தவிரக் கள்ளன் இன்னமும் ஒன்றும் தின்னவில்லை. அது வருத்தமோ வீம்போ என்று தக்சாயினிக்கும் சொல்லத் தெரியவில்லை.

பத்து மணிபோல ஜெயமலர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். விரதகாரி எங்கே போகிறாள் என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. திரும்பி வந்தபோது ஒரு பையைத் தன் உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்திருந்தாள். உள்ளே கோழி ஈரலும் கோழி நெஞ்சும். முப்பது வருசத்தில் கந்தசஷ்டிக்குள் அவள் இறைச்சிக் கடைப்படி மிதித்ததில்லை.

“இந்தா தக்சா. கழுவேல்லை, நீயே கழுவு” என்று சொல்லி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அப்பால் போகவில்லை.

தக்சாயினி தட்டை வைத்துவிட்டு வந்து குளியலறைக் கதவைச் சாத்தினாள். மூன்று பேரும் நடைவழியில் நின்றார்கள். இரத்தினத்தின் நாக்கின் கீழ் வெப்பமானி இருந்தது. அது கூவுமட்டும் வாய் திறக்கக்கூடாது என்பது மருமகளின் கட்டளை. உள்ளே சத்தமே இல்லை. ஜெயமலரின் உதடு மட்டும் முருகா முருகா என்று அசைந்தது.

பிறகு தரை ஓட்டில் நகம் பட்டது. தட்டு ஒருமுறை ஆடியது. ஏதோ ஒன்று தரையில் இழுபட்டு, நின்று, மறுபடி இழுபட்டு, சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“ஒளிக்கிறான்” என்று தக்சாயினி கதவில் காதை வைத்தபடி கிசுகிசுத்தாள். ஜெயமலர் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, தானும் குனிந்து கதவில் காதை வைத்தாள். இரத்தினம் வெப்பமானியைப் பல்லால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது கூவுவதற்காகவும், உள்ளே மெல்லுகிற சத்தத்துக்காகவும் காத்து நின்றார்.